கீழ் வலது மூலை

நகம் வைத்துப் பார்க்கிறவர்கள் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பார்த்ததே இல்லை என்கிறீர்களா? உங்கள் வீட்டுப் புது பிரிட்ஜின் ஓரத்தைப் போய்ப் பாருங்கள். அவர்கள் வந்து போன தடயம் இருக்கும். 'பெயின்ட் ஈரம், தொடாதீர்கள்' என்று ஒரு கதவில் அட்டை தொங்குகிறது. ஊரில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள். இவர் நிற்பார். அட்டையைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், அக்கம்பக்கம் பார்ப்பார், பிறகு கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதைவிடவும் பதமாக ஒரு விரலை வைத்து எடுத்து, நுனியில் ஒட்டிய பச்சையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ஆமா, ஈரமாத்தான் இருக்கு" என்று அட்டைக்கு நற்சான்று கொடுத்துவிட்டு நடப்பார். கதவில் அந்தக் குழி அது மக்கும் காலம்வரை இருக்கும். யாருக்கு என்ன லாபம்? அதையெல்லாம் இவர்களிடம் கேட்கக் கூடாது.

கெட்டவர்கள் அல்ல. நம்ப ஆசைப்படுகிறவர்கள்தான். நம்புவதற்கு முன்னால் ஒரு தடவை சுரண்டிப் பார்த்துவிட்டால் நிம்மதியாக நம்பலாமே என்று நினைக்கிறவர்கள். புதுச் செருப்பை இரண்டாக மடக்கிப் பார்ப்பார்கள். மடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, முறிகிற அளவுக்கு ஆட்டி, முறிந்தால் கடைக்காரரை முறைப்பார்கள். நெருங்கிய நண்பன் காதில் ஒரு பொய் ரகசியத்தைப் போட்டுவைத்து, அது ஊரைச் சுற்றிக்கொண்டு தங்கள் காதுக்கே எப்போது திரும்பி வருகிறது என்று காத்திருப்பார்கள்.

இந்த இனத்தார் பெரும்பாலும் ஆளுக்கொரு மூலையில் சில்லறைச் சேதம் செய்துகொண்டு வாழ்ந்து முடித்துவிடுவார்கள். எப்போதாவதுதான் விதி விளையாடி, ஒருவரை அவருக்கென்றே செய்தது போன்ற ஆசனத்தில் உட்கார வைக்கும். பூனையைப் பால் பண்ணைக்கு மேனேஜராகப் போடுவது போல.

அப்படி உட்கார்ந்தவர்தான் நகம் சார்.

அவர் தலைமை வகித்த சோதனைக்கூடத்தின் வேலை, விமானத்துக்குப் பூசுகிற பூச்சுகள் மழையையும் தூசியையும் தாங்குமா என்று பார்ப்பது. மழையில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாலே தூறல் சுள்ளென்று அடிக்கிறதல்லவா? விமானத்தின் வேகத்துக்கு அதே துளி கல். தூசியோ உப்புத்தாள். இறக்கையின் முன்விளிம்பில் பூச்சு போனால் அடுத்துப் போவது உலோகம். அதற்கடுத்துப் போவதைப் பற்றி விமானத்தில் ஏறுகிறவர்கள் யோசிக்காமல் இருப்பது நல்லது.

ஆகவே ஒரு தடித்த சுவர் அறை. நடுவில் சீலிங் ஃபேன் இறக்கை மாதிரி ஒரு நீண்ட இரும்புக் கை. அதன் நுனியில், பூச்சு பூசிய உள்ளங்கை அளவுத் தகட்டைத் திருகி மாட்டி, கதவைச் சாத்தி, கூரையிலுள்ள ஊசிகளிலிருந்து செயற்கை மழையைச் சொட்டவிட்டு, கையைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றவிடுவார்கள். அதில் பிழைத்த தகட்டைப் பக்கத்து அறையில் வைத்து, முகத்தில் மணலை ஊதுவார்கள். அதிலும் பிழைத்தால் பூச்சு தேறியது. ஒரு தகட்டைச் சித்திரவதை செய்ய இவ்வளவு பெரிய கட்டிடம், இத்தனை பொறியாளர்கள், அளவுமானிகள், லென்ஸ்கள். இத்தனையும் போதாதென்று ஒரு கட்டைவிரல்.

ஆம். எந்தத் தகடும் அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் நகம் சாரின் மேஜைக்கு வரும். இடது கையில் ஏந்திக்கொள்வார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "சும்மா ஒரு பார்வை" என்பார். பேச்சு வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும், மருமகன் பற்றியோ முட்டிவலி பற்றியோ; வலது கட்டைவிரல் மட்டும் தன்பாட்டுக்கு ஊர்ந்து வந்து, தகட்டின் கீழ் வலது மூலையில் நகத்தை ஊன்றி, ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகும். "நல்ல சரக்குன்னா தாங்கும்" என்று கையெழுத்துப் போடுவார். 'தகடுகளை வெறுங்கையால் தொடாதீர்' என்று சுவரில் எழுதி ஒட்டியதும் அவரே. அதற்கு மதிப்புக் கொடுத்துக் கையுறையும் போட்டிருப்பார். கையுறையில் கட்டைவிரல் மட்டும் கத்தரித்திருக்கும். அந்த அறிவிப்பின் மூலையும் உரிந்திருக்கும்.

வருஷக்கணக்காக எல்லோரும் பார்த்த பழக்கம். பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் யார் கண்ணிலும் படாமல் போன பழக்கம்.

வீட்டிலும் ஐயா இப்படித்தானா என்றால், அவர் மனைவி ஒரு நாள் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது சொன்னதைக் கேளுங்கள். "கல்யாணப் பேச்சுக்கு எங்க வீட்டுக்கு வந்தப்போ இவரு முதல்ல சுரண்டிப் பாத்தது எங்கப்பாவோட அலமாரியைத்தான். வார்னிஷ் வந்துருச்சு. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்." மருமகன் புதுக் கார் வாங்கி ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார், இப்போது மாமனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்.

இந்த நகத்தடியில் வந்து சேர்ந்தவள்தான் புதுசு. வேலைக்கு வந்து வருஷங்கள் ஆகியும் பெயர் மாறவில்லை. அவளுக்குப் பிறகு யாரையும் எடுக்காததால் அவள்தான் இன்னும் புதுசு. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள். இன்ன வேலை பார்க்கிறேன் என்று லாரி ஓட்டுகிற அப்பாவுக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு தனிக்கதை.

"மழையில பெயின்ட் போகுதான்னு பாக்கறியா?"

"ஆமாப்பா."

"என் லாரி மேல பெய்யாத மழையா? போகும். எழுதிக்கோ."

"அப்படி எழுத முடியாதுப்பா. எவ்வளவு நேரத்துல, எந்த இடத்துலேருந்துன்னு பாக்கணும்."

"பாத்து?"

"பாத்து, போகாத பெயின்ட்டைக் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சா எனக்கு ஒரு டப்பா எடுத்து வை" என்றார் அப்பா. போனை வாங்கின அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "வேலை நிலையாச்சாம்மா?"

ஆகவில்லை. அதுதான் விஷயம். புதுசு ஒப்பந்தத்தில் இருந்தாள். அவளாகவே கலந்து, காய வைத்து, தோற்று, மறுபடி கலந்து ஒரு பூச்சு தயாரித்திருந்தாள். ரப்பர் மாதிரி கொஞ்சம் அமுங்கிக் கொடுத்துத் துளியின் அடியை வாங்கிக்கொள்கிற சாமர்த்தியமுள்ள பூச்சு. மூன்று தகடு சோதனைக்குப் போகும். பூச்சு தேறினால் அவளும் தேறுவாள், வேலை நிலைக்கும். பூச்சு உரிந்தால் அவளும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கூடத்து விதி அப்படி.

முதல் தகடு சாரின் மேஜைக்குப் போனது. "சும்மா ஒரு பார்வை." மழை அறைக்குள் போனது. வெளியே வந்தபோது கீழ் வலது மூலையிலிருந்து பூச்சு வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து தொங்கியது.

"அப்பவே நினைச்சேன்" என்றார் நகம் சார்.

வாசகரே, இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இனத்துக்கு இதுதான் தேசிய கீதம். எப்போது நினைத்தார், ஏன் அப்போதே சொல்லவில்லை என்றெல்லாம் கீதத்தின் நடுவில் குறுக்கிட்டுக் கேட்கக் கூடாது. எழுந்து நிற்க வேண்டும்.

இரண்டாவது தகடும் அதே மூலையில் உரிந்தது. யாருக்கும் ஆச்சரியமில்லை, ஏனென்றால் அந்தக் கூடத்தில் உரிகிற எல்லாத் தகடும் அந்த மூலையில்தான் உரியும். அதற்கு 'மூலைத் தளர்வு' என்று பெயரே உண்டு. பெயர் வைத்தவர் நகம் சார். சுழலும்போது காற்று கீழ் வலது மூலையில் சுருண்டுகொள்கிறது, அதனால் பூச்சு அங்கே தளர்கிறது என்பது அவருடைய வாழ்நாள் கண்டுபிடிப்பு. அம்புக்குறியெல்லாம் போட்டுப் படம் வரைந்து பல கருத்தரங்குகளில் பேசியிருக்கிறார். அதைக் கேட்டுக் கைதட்டிய விமானத் தொழிற்சாலைகள், விமானத்தில் பொருத்துகிற ஒவ்வொரு தகட்டுக்கும் கீழ் வலது மூலையில் மட்டும் இன்னொரு பூச்சு கூடுதலாகப் பூச ஆரம்பித்திருந்தன.

இடையில் ஒரே ஒரு மாதம் மட்டும் மூலைத் தளர்வு காணாமல் போயிருந்தது. வந்த தகடெல்லாம் முழுசாக வெளியே வந்தன. கார்க் கதவில் நசுங்கி சாரின் கட்டைவிரல் பெரிய கட்டோடு இருந்த மாதம் அது. அப்போது கூடத்தில் கூடி ஆலோசித்து, காரணம் தண்ணீர்தான் என்று முடிவுகட்டி, தண்ணீர்த் தொட்டியை மாற்றினார்கள்.

புதுசு இரண்டாவது தகட்டை லென்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் கலவையில் எங்கே தப்பு என்று தேடினாள். முதல் தலைமுறைப் படிப்பாளியின் வழக்கம் அது: உலகத்தில் எது உடைந்தாலும் தன் கைதான் பட்டிருக்கும் என்று தோன்றும். உரிந்த இடத்துக்குக் கீழே, அடிப்பூச்சில், ஒரு மெல்லிய பிறை தெரிந்தது. அவள் முதல் தகட்டை எடுத்தாள். அதே பிறை. தோற்றுப்போன தகடுகளைப் போட்டுவைக்கிற அலமாரியைத் திறந்தாள். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு நிறம், வேறு வேறு வருஷம். மூலைக்கு மூலை பிறை. வானத்தில் கூட அத்தனை பிறை கிடையாது.

பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? தகட்டில் மோதிய துளி பக்கவாட்டில் சீறி ஓடும். வழவழப்பான இடத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். நூலளவு கீறல் கிடைத்தால் போதும், அதில் ஒண்டிக்கொண்டு, ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையாகப் பூச்சையே கிளப்பிவிடும்.

அவள் மழை அறையை இயக்குகிற மெஷின் அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, சாரோட நகத்துக்கு ஒரு தகடு, உங்க மெஷினுக்கு ஒரு தகடு. நடக்குமா?"

அவர் பிறைகளைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "அடப்பாவமே. நான்கூட காத்துதான் சுருளுதுன்னு இத்தனை நாளா அந்த மூலையைப் பாத்தாலே ஒதுங்கி நிப்பேன்."

"நடக்குமா, நடக்காதா?"

"நடக்கும் தங்கச்சி. ஆனா மாட்டிக்கிட்டா நான் மெஷின் மேல பழியைப் போட்டுட்டுத் தப்பிச்சுக்குவேன். நீ யார் மேல போடுவே?"

"மூலை மேல."

சாரின் மேஜைக்கு வேறொரு தகடு போக, நகம் படாத மூன்றாவது தகடு மழையில் சுழன்றது, மணலில் நின்றது, கீழ் வலது மூலை உட்பட முழுசாக வெளியே வந்தது. நகம் சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்குள் வந்த திருடன் எதையும் எடுக்காமல் போயிருந்தால் வீட்டுக்காரருக்கு வருமே ஒரு சந்தேகம், அந்த முகம். "மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார். ஊசிகளைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், தண்ணீரை அளந்தார்கள், மணலைச் சலித்தார்கள். கோளாறு கிடைக்கவில்லை. கோளாறு கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நடுவில் நின்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் பொறுக்காமல் புதுசு பழைய தகடுகளை ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"சார், உங்க கட்டைவிரலைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கும்மா?"

"சும்மா ஒரு பார்வை."

லென்ஸுக்கு அடியில், பிறையின் மேல், நகத்தைப் பொருத்தினாள். உறைக்குள் கத்தி மாதிரி உட்கார்ந்தது. அவர் பார்த்தார். அடுத்த தகட்டை அவரே எடுத்துப் பொருத்திப் பார்த்தார். அதற்கடுத்ததையும். கடைசியில் அலமாரிப் பக்கம் திரும்பி, "எல்லாமா?" என்றார்.

"எல்லாம் சார். உங்க விரல் நசுங்கின மாசத்துத் தகடு ஒண்ணுகூட அந்த அலமாரியில இல்ல."

கேலி பண்ண வந்த இடத்தில் இதையும் சொல்லத்தான் வேண்டும்: அந்த நிமிஷம் அவர் ரொம்ப வயதானவராகத் தெரிந்தார். கையுறையைக் கழற்றி, விரல் இல்லாத அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார். "நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்றேன்மா. முதல் ரெண்டும் பூச்சோட தப்பில்ல, நான் கீறினதுன்னு. நீ சொன்னா எடுபடாது. நான் சொன்னாத்தான் நிக்கும்."

அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் தோல்வி இரண்டும் கணக்கிலிருந்து போய்விடும், பூச்சு தேறும். சொல்லாவிட்டால் மூன்றில் இரண்டு தோல்வி. அம்மா போனில் கேட்கிற கேள்விக்குப் பதிலும் அவர் வாயில்தான் இருந்தது.

மறுநாள் நீளமான மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், விமானக் கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி, மேலிடத்தார். புதுசு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பைக்குள், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்த பிறைத் தகடு.

நகம் சார் எழுந்தார். "மூணாவது தகடு முழுசா வந்திருக்கு. முதல் ரெண்டும்..." என்று நிறுத்தினார். புதுசைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். மேஜை விளிம்பில் அவர் கட்டைவிரல் வார்னிஷைச் சுரண்டுகிற சத்தம் கடைசி நாற்காலிவரை கேட்டது. "முதல் ரெண்டும்... மூலைத் தளர்வு."

"அது உலகத்துக்கே தெரிஞ்ச விஷயமாச்சே சார்" என்றார் விமானக் கம்பெனி அதிகாரி மரியாதையாக. "எங்க ஃபேக்டரியில உங்க படத்தைத்தான் சுவத்துல மாட்டி வெச்சிருக்கோம். மூலைக்கு இன்னொரு கோட்டிங் குடுத்துட்டா சரியாப் போச்சு."

அவ்வளவுதான். மூலையில் கூடுதலாகப் பூசி மறுபடி சோதிக்க வேண்டியது, அதுவரை புதுசின் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டியது என்று தீர்மானமாயிற்று. வேலை போகவும் இல்லை, நிலைக்கவும் இல்லை. திரிசங்கு சொர்க்கம்.

கூட்டம் கலைந்ததும் மெஷின் அண்ணன் டீயோடு வந்தார்.

"பையில தகடு இருந்துச்சுல்ல? எடுத்து மேஜை மேல போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம்."

"அப்புறம் ஏன் போடல?"

"சொல்றாரான்னு பாத்தேண்ணே."

"சொன்னாரா?"

"எங்க? அப்பவே நினைச்சேன்."

அண்ணன் டீயை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். அவளும் குனிந்து பார்த்தாள். பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவளுடைய கட்டைவிரல் நகம், பிளாஸ்டிக் மேஜையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பாதி உரித்திருந்தது.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்குத் தன் சோதனைக்கூடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டே வந்தது. அம்மாவாகக் கூப்பிடுகிறாளா பார்ப்போம் என்று நாள்கணக்கில் போன் செய்யாமல் இருந்தது. பிறந்த நாளை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, மறந்தவர்களை மனசுக்குள் வரிசையாக நிறுத்தியது. "நான் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்" என்று அப்பாவிடம் சும்மா சொல்லிப் பார்த்து, அவர் ஒரு நொடி தயங்கியதை இன்றுவரை மன்னிக்காதது. ஒருவரை அவருக்கு மெலிந்த இடமாகப் பார்த்துக் கீறிவிட்டு மழைக்குள் அனுப்பினால் அவர் உரியாமல் என்ன செய்வார்? தகட்டை மேஜை மேல் போட்டிருந்தால் சார் உண்மையைச் சொல்லியிருப்பார். வேறு வழி இருந்திருக்காது. அவள் போடவில்லை. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனாலும் அன்றைக்கு அந்த அறையில் இருந்தது இரண்டு நகம்.

மறுசோதனை நடந்தது. மூலையில் தடித்த பூச்சோடு தகடு சாரின் மேஜைக்குப் போனது. கட்டைவிரல் பழக்கம் மறக்காமல் வந்தது, ஊன்றியது, இழுத்தது. தடித்த பூச்சில் நகம் இறங்கவில்லை. மழை அறையிலிருந்து தகடு முழுசாக வந்தது. ஆக, மூலைத் தளர்வுச் சித்தாந்தம் ஐயமற நிரூபணமாகி, அதன் பேரில் புதுசுக்கு வேலை நிலையானது. அம்மா அழுதாள். அப்பா, "டப்பா எங்கே?" என்றார்.

நகம் சார் ஓய்வு பெற்ற அன்று கூடத்தார் தங்க முலாம் பூசிய ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கினார், இடது கையில் ஏந்தினார். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. முலாம் வந்தது. "அப்பவே நினைச்சேன்" என்று அவர் சிரிக்க, எல்லோரும் சிரிக்க, போகிறபோது புதுசின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "உனக்கு ஒரு வார்த்தை பாக்கி வெச்சிருக்கேன்மா. மறக்கல."

"எப்ப வேணா சொல்லுங்க சார்" என்றாள் அவள். இந்த முறை அவர் சொல்கிறாரா என்று பார்ப்பதற்காக அல்ல. அப்படித்தான் அவள் நினைத்துக்கொள்கிறாள்.

இதைப் படித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரின் முகங்கள் நினைவுக்கு வந்து நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும், இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிற கையைக் கொஞ்சம் பாருங்கள். கட்டைவிரல் எங்கே இருக்கிறது? கீழ் வலது மூலையிலா? தாள் அங்கே லேசாகச் சுருண்டிருக்கிறதா? நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பவே நினைத்தேன், அவ்வளவுதான்.

சார் இப்போது வீட்டில் பேரனின் பொம்மைகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறாராம். அந்த வார்த்தை இன்னும் பாக்கி. அது வந்து சேரும்வரை, ஒரு மனிதரின் நகத்துக்குப் பயந்து, கீழ் வலது மூலையில் மட்டும் இரட்டைப் பூச்சு பூசிக்கொண்டு விமானங்கள் மழைக்குள் பறந்துகொண்டிருக்கின்றன.